ஸிஸிலித் தீவின் சித்திர வண்டிகள்

பாரம் ஏற்றும் வண்டிக்குச் சிற்பமும் சித்திரமும் எதற்கு என்று குடியானவர் கேட்பது நியாயமே. அதற்குத் தக்க விடையை இத்தாலி தேசத்தைச் சேர்ந்த ஸிஸிலித் தீவின் பழைய வண்டிகளில் காணலாம்.

அத்தீவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் வண்டிப் பாதைகள் மிகச் சொற்பம். தானியமும் திராட்சை ரசமும் கோவேறு கழுதைகளின் முதுகிலேயே சென்றன. அந்நூற்றாண்டில் சாலைகள் பெருகவே, குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றுள் ஒன்று இழுக்கும் இரு சக்கர வண்டி வழக்கத்துக்கு வந்தது. கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்ப அதன் சக்கரங்கள் உயரமாகச் செய்யப்பட்டன.

இவ்வண்டி ஒருவர் கையால் முடிவதன்று. தச்சர் அக்ரூட் மரத்தில் குடம் கடைந்து, ஆரக்கால்களையும் வட்டையையும் பொருத்துவார். கொல்லர் இரும்புப் பட்டாவும் அச்சும் இடுவார். சிற்பி அச்சின்மீது அமரும் மரப் பெட்டியிலும், வண்டியின் பின்புறத்துக் குறுக்குப் பலகையிலும் உருவங்களைச் செதுக்குவார். இறுதியில் சித்திரக்காரர் வர்ணம் தீட்டுவார். குடத்தினுள் இடும் உலோகப் பூண்கள் வண்டி ஓடுகையில் இனிய ஓசை எழுப்பும். அவ்வோசையைக் கொண்டே வண்டியின் தரத்தை மதிப்பிட்டனர்.

வர்ணம் வெறும் அலங்காரமன்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. எண்ணெய் வர்ணப் பூச்சு வெயிலினின்றும் மழையினின்றும் மரத்தைக் காத்தது. அவசியத்தின் பொருட்டுப் பூசிய வர்ணம் காலப்போக்கில் கலையாயிற்று. பக்கப் பலகை ஒவ்வொன்றிலும் இரண்டாக, இரு புறமும் நான்கு காட்சிகள் தீட்டுவது வழக்கம். சார்லமேன் சக்கரவர்த்தியின் வீரர்களுடைய போர்கள், வேதாகமக் கதைகள், புனிதர்களின் சரித்திரம் ஆகியவை அவற்றில் இடம்பெறும். எழுத்தறியாதோரும் பொம்மலாட்டத்தில் கண்டறிந்த கதைகளே அவை. பலெர்மோ பக்கத்து வண்டிகளுக்கு மஞ்சளும், கட்டானியா பக்கத்து வண்டிகளுக்குச் சிவப்பும் அடிவர்ணமாகும். ஆகையால் வண்டி எந்தச் சீமையைச் சேர்ந்தது என்பதை எட்ட நின்றே அறியலாம். வேலைப்பாட்டின் மிகுதி உடையவரின் செல்வாக்கையும் காட்டிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பஸான் 1885-ஆம் ஆண்டில் அத்தீவில் யாத்திரை செய்தபோது இவ்வண்டிகளைக் கண்டு தமது குறிப்பில் எழுதலானார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மோட்டார் லாரிகள் பெருகின; வண்டிகள் வேலையிழந்தன. அப்போது நேர்ந்த நஷ்டம் யாதெனில், பல வண்டிகள் பிரிக்கப்பட்டுப் பகுதி பகுதியாக விற்பனையாயின என்பதே. பக்கப் பலகை ஒரு வீட்டுச் சுவரையும், அச்சுப் பெட்டி வேறொரு வீட்டுக் கூடத்தையும் சென்றடைந்தன. நான்கு காட்சிகளில் ஒன்று மட்டும் எஞ்சினால் கதை அறுந்து விடுகிறது. எந்த ஊரார் செய்தது என்பதும் மறைந்து போகிறது. மருத்துவரும் நாட்டு வழக்குகளை ஆராய்ந்தவருமான ஜுஸெப்பே பித்ரே, யுத்தத்துக்கு வெகு காலம் முன்னரே, 1909-ஆம் ஆண்டில் பலெர்மோவில் நாட்டுக் கலைப் பொருட்காட்சிசாலை ஒன்றை நிறுவியிருந்தார். அத்தகைய சாலைகளில் சேர்ந்த வண்டிகளே இன்று முழுமையான சாட்சியாய் நிற்கின்றன.

இதனால் பழைய மரவேலைப்பாடு உடையவர்கள் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில உண்டு.

1. பழைய வர்ணத்தைச் சுரண்டுதலும், அதன்மேல் புது வர்ணம் பூசுதலும் கூடா. சோப்பும் நீரும் இட்டுக் கழுவலாகாது. மெல்லிய தூரிகையால் தூசு போக்குவதே போதும்.

2. ஈரத் தரையிலும் நேர் வெயிலிலும் வைக்கலாகாது. கல்லின்மேல் உயர்த்தி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்துக் கறையானுக்கு அடிக்கடி சோதிக்க வேண்டும்.

3. சிறு துளைகளின் கீழே புதிய மரத்தூள் காணப்படின், உள்ளே வண்டு உயிரோடிருக்கிறது என்றறிந்து, அப்பொருளை மற்றவற்றினின்றும் உடனே விலக்கி வைக்க வேண்டும்.

4. பிரிப்பது தவிர்க்க முடியாததாயின், முதலில் முழு வண்டியையும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணிட்டுக் கட்டிய சீட்டுடன் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

5. செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, ஏற்றிய சுமை ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதில் உதவுவது சிறந்த பணியாகும்.

செதுக்கிய பலகைக்கு விலை கொடுப்பவர் எப்போதும் கிடைப்பர். பிரிந்து போன வண்டியை மீண்டும் ஒன்று சேர்ப்பதோ அரிது. விற்குமுன் இதனை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நலம்.