கமரா பிடித்த பிள்ளை

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாசலில் கமரா எத்தனையோ தடவை வந்து நின்றிருக்கிறது. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றபோது வந்தது. தறப்பாள் கொட்டிலுக்குள் வெள்ளம் புகுந்தபோது வந்தது. மீள்குடியேற்றம் என்று பற்றை மண்டிய காணியில் இறக்கி விடப்பட்ட அன்றும் வந்தது. வந்தவர்கள் படம் பிடித்தார்கள், போனார்கள். அந்தப் படங்கள் எங்கே போயின, யார் பார்த்தார்கள் என்பது எம்மில் அநேகருக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே, எமக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளையொன்று சென்ற ஆண்டு கமராவைத் தானே தோளில் கொழுவிக்கொண்டு வந்தபோது, நாம் சற்று உன்னிப்பாகவே கவனித்தோம்.

இப்பிள்ளையின் பாட்டனார் வலிகாமம் வடக்கில் வெங்காயமும் வாழையும் செய்த கமக்காரர். 1990 ஆனி மாதம் உடுத்த துணியோடு வெளிக்கிட்டவர்கள். தகப்பன் முகாமில் வளர்ந்தவர். 2015 இன் பின்னர் அப்பகுதியில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும் இவர்களுடைய காணி அதற்குள் வரவில்லை. பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி பயில்கிறாள். விடுமுறைக் காலத்தில் இரண்டு மாதம், மாவட்டத்திலுள்ள தொண்டு நிறுவனமொன்றின் வீடியோப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் மாத்திரமே.

முதல் இரண்டு வாரமும் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். "கமராவைத் தொடவே விடுகினமில்லை" என்று எம்மிடம் வந்து குறைப்பட்டாள். முன்னர் எடுத்துக் கிடந்த பதிவுகளைப் போட்டுப் பார்த்து, எந்த நிமிடத்தில் யார் என்ன சொல்கிறார் என்று கொப்பியில் எழுதுவதே அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அலுப்பான வேலைதான். ஆனால் அந்த அலுப்பிலிருந்து அவள் கண்டுபிடித்த விடயம் ஒன்று எமக்கும் புதிது. கேள்வி கேட்பவர் "சரி அம்மா, காணும்" என்று சொன்ன பிறகுதான் அநேகமானோர் முக்கியமான கதையைத் தொடங்குகிறார்கள். கமரா அணையப்போகும் அந்தக் கடைசி விநாடிகளில், "தம்பி, இன்னொண்டு சொல்ல மறந்து போனன்" என்று ஆரம்பிக்கிறார்கள். அத்தோடு பதிவு நின்றுவிடுகிறது. அப்படி அறுந்துபோன வாக்கியங்கள் அவளுடைய கொப்பியில் பக்கம் பக்கமாக இருந்தன.

மூன்றாம் வாரம் கமரா கைக்கு வந்தது. முதல் நாள் எடுத்தது எதுவும் உதவவில்லை. மத்தியான வெயிலில் எடுத்ததால் தொப்பிக்குக் கீழே முகம் கரிபிடித்த சட்டிபோல இருந்தது. பனங்காற்றின் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. படம் அலைந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பழகினாள். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் வரும் வெளிச்சமே முகத்துக்கு நல்லது. மைக் பேசுபவரின் நெஞ்சுக்கு அருகில் இருக்கவேண்டும். காற்றடித்தால் அதற்கு ஒரு பஞ்சுறை போடவேண்டும். ஒரு காட்சியைப் பத்து விநாடியாவது அசையாமல் பிடிக்கவேண்டும். முக்காலி இல்லாவிட்டால் உரமூட்டையோ வேலிக் கதியாலோ போதும். எடுத்ததை அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி பண்ணி வைக்கவேண்டும். கலங்கிய படத்தைச் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேளாத பேச்சைப் பொறுக்கமாட்டார்கள் என்று அங்கிருந்த மூத்த ஒளிப்பதிவாளர் அவளுக்குச் சொன்னாராம். இன்று அநேகமான வீடுகளில் கைத்தொலைபேசி இருக்கிறது. இவை அதற்கும் பொருந்தும் என்பதாலேயே இங்கு எழுதுகிறோம்.

பயிற்சியின் இறுதியில் அவள் தானாக ஒரு குறும்படம் செய்யவேண்டும். விதை வெங்காயம் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி என்பதை எடுத்துக்கொண்டாள். நல்ல தெரிவு. இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றுள் வீட்டையும் மாட்டையும் எண்ணுகிறோம், விதையை எண்ணுவதில்லை. திரும்பி வந்த பலர் கடனுக்குத்தான் விதை வெங்காயம் வாங்கி நட்டார்கள்.

படத்துக்கு அவள் தேடிப்பிடித்தது எழுபது வயது தாண்டிய ஓர் ஆச்சியை. ஆச்சி கமராவைப் பொருட்படுத்தவேயில்லை. நன்றாக முற்றிய வெங்காயமே விதைக்கு ஆகும், கிண்டியவுடன் தாளை அறுக்கக்கூடாது, தாளோடு வாடவிட்டுப் பிடி பிடியாகக் கட்டி, காற்றுப் புகும் கொட்டிலில் தடியில் தூக்கவேண்டும், இடைக்கிடை பார்த்து அழுகினதை உடனே எடுத்துவிடவேண்டும் என்று வேலையைச் செய்துகொண்டே சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டு போனவர், 1990 இல் வெளிக்கிட்டபோது தன் கொட்டிலில் தூங்கிய பிடிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். குரல் அடைத்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அதை விடு பிள்ளை" என்றார். கமரா ஓடிக்கொண்டிருந்தது.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. அலுவலகத்தில் பதிவைப் பார்த்தவர்கள், படத்தை அந்தக் கண்ணீரோடு தொடங்கும்படி சொன்னார்கள். கொழும்பில் நடக்கவிருந்த கொடையாளர் கூட்டத்துக்கு அது பொருத்தமாக இருக்குமாம். வெங்காயம் பிறகு வரலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்வது எமது நோக்கமன்று. பணம் வராவிட்டால் அந்தப் பிரிவே மூடப்படும் என்பது அவர்களுடைய கவலை. சொல்லப்போனால் எமது இதழின் அட்டையிலும் அழுத முகங்களைப் போட்டிருக்கிறோம். அவர்களிடம் கேட்டோமா என்று இன்று யோசித்தால் பதில் வரவில்லை.

பிள்ளை எம்மிடம் வந்தாள். புத்திமதி சொல்வதைவிட, பிற இடங்களில் நடந்தவற்றைச் சொல்வது நல்லதெனப் பட்டது.

கனடாவின் கிழக்கே நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் போகோ என்றொரு தீவு உண்டு. மீன்பிடிக் குடும்பங்கள் சிறு சிறு குடியிருப்புக்களாக வாழும் இடம். 1960 களில் மீன்பிடி நொடித்தது. ஒதுக்குப்புறக் கிராமங்களைக் காலிபண்ணிச் சனங்களை வேறிடங்களில் குடியேற்றும் திட்டம் அம்மாகாணத்தில் நடந்துகொண்டிருந்தது. போகோ மக்களும் ஊரை விட்டுப் போகவேண்டிவரும் என்ற நிலை. 1967 இல் கனடாவின் தேசிய திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோ என்பவர், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவினரோடு சேர்ந்து அங்கு படம் எடுத்தார். அப்பிரிவின் பொறுப்பாளர் டொன் ஸ்னோடன். ஒரே பெரிய படமாக எடுக்காமல் இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார்கள். ஒரு படத்தில் ஒருவர் அல்லது ஒரு நிகழ்ச்சி. ஒருவர் பேச்சை மற்றவர் பேச்சோடு வெட்டி ஒட்டி, இருவரும் சண்டை பிடிப்பதுபோலக் காட்டவில்லை. எடுத்த படங்களை முதலில் அத்தீவு மக்களுக்கே காட்டினார்கள். படத்திலிருப்பவர் சம்மதித்த பின்னரே அது வெளியே போகும். ஒரு குடியிருப்பார் மற்றக் குடியிருப்பாரின் படத்தைப் பார்த்தபோதுதான், எல்லோருக்கும் ஒரே தொல்லை என்பது வெளித்தது. பின்னர் படங்கள் தலைநகரில் அமைச்சர்களுக்குக் காட்டப்பட்டன. மீன்பிடி அமைச்சர் தமது பதிலைக் கமராவின் முன் சொல்ல, அதைக் கொண்டுவந்து தீவில் காட்டினார்கள். கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தீவு காலியாகவில்லை. படம் மாத்திரம் இதைச் செய்தது என்று நாம் சொல்லமாட்டோம். சங்கம் அமைக்கும் பேச்சு ஏற்கெனவே அங்கு இருந்தது. ஆனால் போகவேண்டியவர்கள் என்று எழுதப்பட்ட சனங்கள் தமது வாயால் பேசினார்கள், அதற்கு அமைச்சர் மறுமொழி சொல்லவேண்டி வந்தது. காணிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த எமக்கு இது சிறிய விடயமா?

இந்தியாவின் அகமதாபாத்தில் 'சேவா' என்ற பெண் தொழிலாளர் சங்கம் 1984 இல் அங்கத்தவர்களுக்கு வீடியோப் பயிற்சி கொடுத்தது. பயிற்றியவர் மார்த்தா ஸ்டுவார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. எழுத வாசிக்கத் தெரியாத பலர் அதில் இருந்தனர். மரக்கறி விற்ற லீலாபென் தத்தானியா கமரா பிடித்தவர்களில் ஒருவர். மானெக் சௌக் சந்தைப் பெண் வியாபாரிகளின் இடப்பிரச்சினையை அவர்களே படமாக்கினார்கள்.

எம்மைப்போன்ற கமக்காரருக்கு இன்னும் கிட்டிய உதாரணம் தெலுங்கானாவிலுள்ள சாகிராபாத் பகுதி. அது அப்போது ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில் இருந்தது. பஸ்தாபூரிலுள்ள தக்காண அபிவிருத்திச் சங்கத்தில் சேர்ந்திருக்கும் தலித் பெண்கள், சிறு துண்டு நிலத்தில் சாமை, தினை, சோளம் செய்பவர்கள், 1990 களின் பிற்பகுதியில் வீடியோ பழகி 2001 இல் தமக்கென ஓர் ஊடக அமைப்பைத் தொடங்கினார்கள். வாரங்கல் பகுதிப் பருத்திக் கமக்காரர் மரபணு மாற்றிய விதையால் பட்ட பாட்டைப் பருவம் பருவமாகப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். சங்கத்தை வழிநடத்திய பி. வி. சதீஷ், முன்னர் தொலைக்காட்சியில் வேலை செய்தவர், 2023 இல் காலமானார். இப்பெண்கள் கமராக் கோணங்களுக்குத் தாமே பெயர் வைத்தார்கள். கீழிருந்து அண்ணாந்து எடுப்பது 'அடிமைக் காட்சி', ஏனென்றால் கூலியாள் நிலவுடைமையாளரைப் பார்ப்பது அப்படித்தான். மேலிருந்து குனிந்து எடுப்பது 'பட்டேல் காட்சி'. கண்ணுக்கு நேரே, சம உயரத்தில் எடுப்பது 'சங்கக் காட்சி'. சங்கத்தில் எல்லோரும் நிலத்தில் ஒன்றாக இருந்து பேசுவதால் அந்தப் பெயர்.

இதைக் கேட்டவுடன் பிள்ளை தன் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஆச்சி நிலத்தில் குந்தியிருந்து அழுகிறார். கமரா நின்ற ஆளின் உயரத்தில் இருக்கிறது.

மறுநாள் அவள் மடிக்கணினியோடு ஆச்சி வீட்டுக்குப் போனாள். நாமும் கூடப் போனோம். தொகுத்த படத்தை, கண்ணீர்க் காட்சி உட்பட, திண்ணையில் வைத்துக் காட்டினாள். ஆச்சி ஒன்றும் பேசாமல் பார்த்தார். முடிந்ததும் அவர் முதலில் சொன்னது கண்ணீரைப் பற்றியல்ல.

"பிடி கட்டுறதை வெட்டிப்போட்டாய் மோனை. கை எங்கை? இதைப் பாத்து ஒருத்தரும் கட்டமாட்டினம்."

உண்மைதான். கை முடிச்சுப் போடும் நேரத்தில் படம் ஆச்சியின் முகத்துக்குப் போயிருந்தது. பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அழுத காட்சியைப் பற்றி நாம் கேட்டோம். ஆச்சி சிறிது நேரம் யோசித்தார்.

"நான் அழுறது உங்களுக்கு என்னத்துக்கு? கொட்டிலிலை முந்நூறு பிடி தூங்கினது, அதை விட்டிட்டு வந்தனான் எண்டு சொல்லுறன். அதைப் போடு."

அன்று மாலையே மீண்டும் எடுத்தார்கள். இம்முறை பிள்ளையும் நிலத்தில் குந்தினாள். முடிச்சு மூன்று தடவை, கிட்டப் பிடித்து எடுக்கப்பட்டது. முந்நூறு பிடியின் கதையை ஆச்சி விறகு அடுக்கிக்கொண்டே, வரவு செலவு சொல்வதுபோலச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பதிவு ஒன்பது நிமிடப் படமானது. அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். மூத்த ஒளிப்பதிவாளர் பிள்ளையின் பக்கம் நின்றதால் படம் தப்பியது. ஆனால் கொழும்புக் கூட்டத்துக்கு அது போகவில்லை. வேறொரு படம் போனது. பிள்ளைக்கு அதில் மனவருத்தம் இருந்தது, மறைக்கவில்லை.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். உங்கள் வாசலுக்குக் கமராவோடு யாரும் வந்தால், இந்தப் படம் எங்கே காட்டப்படும், எங்களுக்கு முதலில் காட்டுவீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உதவி கிடையாமற் போய்விடுமோ என்ற பயத்தில் தலையாட்டத் தேவையில்லை. காணி உறுதியையோ அடையாள அட்டையையோ இலக்கம் தெரியும்படி படமெடுக்க விடாதீர்கள். காணி வழக்கு நடப்பவர்கள் தமது சட்டத்தரணியிடம் கேட்டபின் பேசுவது நல்லது. பிள்ளைகளைப் படமெடுக்கத் தாய் தகப்பன் சம்மதிக்கவேண்டும். பிறகு மனம் மாறினால், வேண்டாம் என்று சொல்லவும் வெட்கப்படாதீர்கள்.

பிள்ளையின் விடுமுறை முடிவதற்கு முந்திய சனிக்கிழமை, பொது மண்டபத்தில் வெள்ளைச் சேலை கட்டிப் படம் காட்டப்பட்டது. அறுபது, எழுபது பேர் வந்திருந்தார்கள். கொட்டிலில் விட்டுவந்த பிடிகளின் கணக்கை ஆச்சி சொன்னபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு ஐயா, "எங்கடை வீட்டிலை இருநூறு" என்று தனக்குள் சொன்னது எமக்குக் கேட்டது.

முடிச்சுக் காட்சி வந்ததும் சத்தம் தொடங்கியது. அந்த முடிச்சு பாரம் தாங்காது, பனை நாரால்தான் கட்டவேண்டும் என்று ஒருவர் எழும்பினார். பனை நார் தாளை அறுக்கும், வாழை நார்தான் சரி என்றார் இன்னொருவர். படத்தை நிறுத்தச் சொன்னார்கள், திரும்பப் போடச் சொன்னார்கள். ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பிடி வெங்காயத்தோடு வந்தார். ஆச்சி முன்னுக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தில் குந்தினார். பிள்ளையிடம் அந்த வாரம் கைத்தொலைபேசியில் படமெடுக்கப் பழகியிருந்த இரண்டு பாடசாலைப் பெடியள் அவருக்கு முன்னால் போய்க் குந்தி, கையைக் கிட்டப் பிடித்து எடுக்கத் தொடங்கினார்கள்.