வள்ளத்தின் அடுக்குக்குள் ஒளிந்திருக்கும் காற்று: வாங்குகிறவர் கேட்க வேண்டிய சோதனை

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் வள்ளம் என்றால் இன்று பெரும்பாலும் ஃபைபர் வள்ளம்தான். நகையை அடகு வைத்து வள்ளம் எடுக்க வருகிறவர் முதலில் பார்ப்பது ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சின் பளபளப்பை. ஆனால் கடலில் உயிரைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி இழை அடுக்குகளும் அவற்றைப் பிணைக்கும் ரெசினும். அந்த அடுக்குகளுக்குள் காற்று சிக்கிக்கொண்டால் வெளியே தெரியாது. வள்ளம் கட்டும்போதே அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

ஆபத்து என்ன?

அடுக்குகளில் காற்றுக்குமிழியின் பங்கு 1 விழுக்காடு கூடினால், அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் நிற்கும் வலு சுமார் 7 விழுக்காடு குறையும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. குமிழி இருக்கும் இடத்தில் நீர் ஊறும், கொப்புளம் எழும். அலையில் அடிபட்டும் மணலில் இழுபட்டும் நாளடைவில் அடுக்கு உரியும். 2004 சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகளின் தரம் பற்றி ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பே கவலை தெரிவித்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நடுக்கடலில் கடைசிப் பிடிமானம் வள்ளத்தின் உடல்தான்.

வேக்குவம் முறையும் அதன் பலவீனமும்

நம் கரையில் ரெசினைத் தூரிகையால் தடவி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றும் கைவேலையே வழக்கம். இதைவிடச் சீரானது வேக்குவம் முறை. மோல்டில் இழைகளை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரங்களைப் பிசின் டேப்பால் ஒட்டி, பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ரெசினை உள்ளே பாயவிடுவார்கள். அப்போது வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் வரை எடை போட்டு அடுக்குகளை அழுத்தும். நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கூட்டுப்பொருள் பிரிவு ராக்கெட்டுக்கான பாகங்களைச் செய்கிறது. அப்படிப்பட்ட உயர்தரப் பாகங்களுக்கு உலகெங்கும் கைகொடுக்கும் முறை இது. படகுத் தொழிலிலும் பரவிவருகிறது.

ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டை போதும், அத்தனையும் வீணாகும். ரெசின் பாயும்போது அந்த ஓட்டை வழியே நுழையும் காற்று, போகும் வழியெல்லாம் குமிழி விட்டுச் செல்லும். சில இடங்கள் ரெசின் நனையாமலே நின்றுவிடும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

பம்பு ஓடும்போது மீட்டர் காட்டும் அளவை நம்பக் கூடாது. கசியும் காற்றையும் பம்பு உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், முள் நல்ல இடத்திலேயே நிற்கும். பம்புக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு, தாள் போர்த்திய பையின் மறுகோடியில் பொருத்திய மீட்டரைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தில் 1 அங்குலப் பாதரச அளவுக்குமேல் முள் இறங்கக் கூடாது என்று பல தொழிற்கூடங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. இழைகளுக்கிடையே தங்கிய காற்று முதலில் முள்ளைச் சற்று இறக்கும். அதனால் சிறிது நேரம் மறுபடி உறிஞ்சவிட்டு, இரண்டாம் முறை பார்ப்பதே சரி.

முள் இறங்கினால் ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துத் தேட வேண்டும். முதலில் பம்பும் குழாயும். அடுத்து வழியும் ரெசினைப் பிடிக்கும் கலத்தின் மூடி. பிறகு பையின் ஓரம். டேப் மடியும் மூலைகள், குழாய் நுழையும் இடம், துருத்திய இழை குத்திய தாள் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். நம் கடலோர ஈரத்தில் துடைக்காத மோல்டில் டேப் ஒட்டாது. எல்லாம் சரியாக இருந்தும் முள் இறங்கினால் மோல்டிலேயே விரிசல் இருக்கலாம். பம்பை நிறுத்தி, கூடத்தில் சத்தம் அடங்கியபின் காதை வைத்தால் பெரிய கசிவு சீறுவது கேட்கும். சிறியதற்கு அல்ட்ராசோனிக் கருவி உண்டு. சைக்கிள் டியூபுக்குப் போல சோப்பு நுரை தடவ வேண்டாம். இங்கே காற்று உள்நோக்கிப் போவதால் நுரை பொங்காது. தண்ணீர்தான் உள்ளே இழுபடும்.

கைவேலையில் கட்டிய வள்ளம் என்றால், ஒரு நாணயத்தால் உடல் முழுவதும் தட்டிப் பாருங்கள். மற்ற இடத்தில் கணீரென்று கேட்டு ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால், அங்கே அடுக்கு சரியாக ஒட்டவில்லை என்று சந்தேகியுங்கள்.

தொழிலாளரின் பாதுகாப்பு

ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி கண்ணையும் மூச்சையும் நரம்பையும் தாக்கும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ரெசின் பிடிக்கும் கலமாகக் கண்ணாடிப் பாட்டிலை வைத்தால் உறிஞ்சலில் அது உள்நோக்கி நொறுங்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஆவிக்கான முகமூடி தருவது முதலாளியின் கடமை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கூடத்தில் ஊதிய வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு இஎஸ்ஐ காப்பீட்டு உரிமை உண்டு. பாதுகாப்புக் குறைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் புகார் செய்யலாம்.

வாங்கியவருக்குத் தீர்வு

சுயதொழிலால் பிழைக்க வள்ளம் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பில் தர மறுப்பதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வள்ளம் வெளியூரில் கட்டியதானாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். கால வரம்பு 2 ஆண்டு. தேவையானால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்: எந்த முறையில் கட்டுகிறார்கள், எத்தனை அடுக்கு, வேக்குவம் முறையென்றால் பம்பை அடைத்துப் பார்த்த மீட்டர் அளவும் நேரமும், எத்தனை ஆண்டு உத்தரவாதம். கட்டும் நாளில் நேரில் போய் அடுக்குகளையும் மீட்டரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஒருவர் கேட்டால் மறுக்கும் படகுக்கூடம், மீனவர் கூட்டுறவுச் சங்கமே ஒப்பந்தத்தில் இதை எழுதச் சொன்னால் மறுக்க முடியாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.