பதக்கத்தில் இருப்பது யார் முகம்?

1941-இல் சோவியத் நாட்டில் வந்த ஒரு சுவரொட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். துப்பாக்கியும் கையுமாகச் செம்படை வீரர்கள் பாய்கிறார்கள். பின்னால், ஆளுயரத்தை எல்லாம் தாண்டி மூன்று பழைய வீரர்கள்: 13-ஆம் நூற்றாண்டு இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி, 18-ஆம் நூற்றாண்டுத் தளபதி சுவோரோவ், 1919-இல் உள்நாட்டுப் போரில் மாண்ட சப்பாயெவ். வரைந்தவர்களும் மூவர்தான்! குப்ரியானோவ், கிரிலோவ், சொக்கோலோவ். ‘குக்ரினிக்ஸி’ என்று மூவருக்கும் ஒரே கையெழுத்து. கீழே உள்ள வரிகளை எழுதியவர் யார் தெரியுமா? குழந்தைகளுக்குப் பாட்டெழுதிப் புகழ்பெற்ற மார்ஷாக்!

ஜார் ஆட்சியை வெறுத்த அரசு, ஜார் காலத்துத் தளபதியைச் சுவரில் ஏற்றியிருக்கிறது. நெவ்ஸ்கியோ தேவாலயம் கொண்டாடும் புனிதர். ஹிட்லரின் படை மாஸ்கோவை நெருங்கிய நேரம், 1941 நவம்பர் 7 அன்று செஞ்சதுக்கத்தில் பேசிய ஸ்டாலினும் நெவ்ஸ்கி, சுவோரோவ், தளபதி குத்தூசோவ் என்று இத்தகைய முன்னோர்களின் பெயர்களைத்தான் அடுக்கினார். அந்தப் பேச்சின் வரிகளே பிறகு சுவரொட்டி வாசகங்களாயின.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். நெவ்ஸ்கி எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது; அவர் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் 1938-இல் இயக்குநர் ஐசென்ஸ்டைன் அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்திருந்தார். அதில் உறைந்த ஏரிமேல் நடக்கும் பெரிய சண்டையைப் படமாக்கியது கொளுத்தும் கோடையில்! பனியாகத் தெரிவதில் பாதி சுண்ணப்பொடியும் உப்பும். 1939-இல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் ஆனதும், ஜெர்மானியரை எதிரியாகக் காட்டிய படம் பெட்டிக்குள் போயிற்று. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் மறுபடி திரைக்கு ஓடி வந்தது.

1942 ஜூலையில் நெவ்ஸ்கி பெயரில் ராணுவப் பதக்கம் அறிவித்தார்கள். வடிவமைத்த தெல்யாத்னிக்கோவுக்கு ஒரு முகம் வேண்டும். எங்கே போவார்? படத்தில் நெவ்ஸ்கியாக நடித்த செர்க்காசோவின் பக்கவாட்டு முகத்தையே எடுத்துப் பதித்துவிட்டார்! சண்டையில் சாதித்த அதிகாரிகளுக்கு 40,000-க்கும் மேற்பட்ட பதக்கங்கள் போயின. அத்தனையிலும் ஒரு நடிகரின் மூக்கும் தாடியும். சுவரொட்டியும் பதக்கமும் பழங்காலத்தைத் தேடிப் போனதாக நினைக்கிறோம். மக்கள் சில ஆண்டுகளுக்கு முன் கொட்டகையில் பார்த்த முகம்தான் வேலையைச் செய்தது என்பேன்.

2010-இல் ரஷ்ய அரசு பதக்கத்தைப் பழைய ஜார் கால வடிவத்துக்கே மாற்றியபோது செர்க்காசோவ் அதிலிருந்து இறங்கினார். குதிரைமேல் ஒரு நெவ்ஸ்கி ஏறிக்கொண்டார்.