தெப்பத்தின் அடிவயிற்றை எட்டிப் பார்ப்போமா!

திருத்தணி ஆடிக் கிருத்திகை என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? புஷ்பக் காவடி, 365 படிகள், ஒரே மூச்சில் எழும் அரோகரா! எனக்கு முதலில் வருவது பேரல். ஆமாம், எண்ணெய் அடைத்து வரும் அந்த 200 லிட்டர் இரும்புப் பேரலேதான்!

மூன்று மாலைகள், மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில், வள்ளி தெய்வானையோடு முருகன் தெப்பத்தில் பவனி வருகிறார். கரையெங்கும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த எல்லை ஊர் அல்லவா! அத்தனை கண்களும் மேலே ஜொலிக்கும் மண்டபத்தைப் பார்க்கும். நாம் கொஞ்சம் முன்னதாக, பகலிலேயே, தெப்பத்தின் அடிப்பக்கம் போகலாம். வாங்க!

தட்டிப் பார், சொல்லும்!

தெப்பத்துக்கு இன்ஜின் இல்லை, சுக்கான் இல்லை. அதைத் தாங்குவது அடியில் வரிசையாகக் கட்டிய பேரல்களுக்குள் அடைபட்ட காற்று மட்டுமே. காலிப் பேரல் ஒன்று சுமார் 20 கிலோ. அதைப் பாதி மூழ்கும்படி கட்டினால், தன் எடை போக ஏறக்குறைய 80 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். நூறு பேரல் என்றால் 8 டன்! அர்ச்சகர்கள், நாதஸ்வரம், தவில், எலக்ட்ரீஷியன் என்று 25 பேர் ஏறினாலும் ஒன்றரை டன்தான். வெளியே தெரியும் மறுபாதிப் பேரல் வீண் இல்லை. அதுதான் ஆபத்துக்கு உதவும் சேமிப்பு.

ஆனால் மூலையில் இருக்கும் ஒரே ஒரு பேரல் ஒழுகினால் போதும், தெப்பம் அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். அதனால் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பேரல் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், தண்ணீர் புகுந்தது ‘டொக்’ என்று அடைத்துக்கொண்டு ஒலிக்கும். மூடியைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். பழைய ரப்பர் வாஷரை மாற்று, துருவேறிய ஓட்டையை எம்-சீல் வைத்து அடை, மறுபடி தட்டு!

இதில் என்னை வாய் பிளக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஆடி வெயிலில் காய்ந்த பேரலுக்குள் காற்று 45 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வையுங்கள். அதை 28 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே அழுத்தம் 5 சதவீதம் போலக் குறையும். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் அது அரை மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம்! ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பேரல் தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். மதியம் சரியாக மிதந்த தெப்பம் சாயங்காலம் ஒரு பக்கம் தாழ்ந்தால், முதல் சந்தேகம் மூடி மேல்தான்.

ஆடிக் காற்றும் அலங்காரமும்

பேரலுக்கு மேல் கட்டைகள், கட்டைகள் மேல் பலகை, அதன் மேல் சாமி மண்டபம். இங்கே சட்டம் ஒன்றே ஒன்று: கனமானது கீழே, லேசானது மேலே. ஜெனரேட்டர் பலகையோடு பலகையாக உட்கார வேண்டும். உயரத்தில் துணியும் பூவும் விளக்கும் மட்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றுக்கு உயரமான அலங்காரத் தட்டி பாய்மரமாகிவிடும்! தட்டியில் அங்கங்கே காற்று புகுந்து வெளியேற இடைவெளி விட்டால் தெப்பம் அடங்கி நிற்கும்.

இனி கரண்டு!

சுற்றிச் சுற்றி வரும் தெப்பத்துக்குக் கரையிலிருந்து ஒயர் இழுத்தால் அது கயிற்றோடு சிக்கிக்கொள்ளும். எனவே மின்சாரமும் கூடவே பயணம் செய்ய வேண்டும். 40 வாட் குண்டு பல்பு நூறு போட்டால் 4,000 வாட். அதே நூறு இடத்தில் 9 வாட் எல்இடி போட்டால் 900 வாட்தான். ஜெனரேட்டர் சின்னதாகிறது, டீசல் குறைகிறது, சத்தம் குறைகிறது, தெப்பத்தின் எடையும் குறைகிறது. ஒரே மாற்றத்தில் எத்தனை லாபம் பாருங்கள்!

தண்ணீருக்கு மேல் 230 வோல்ட் என்பது விளையாட்டில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, உடனே விழுகிறதா என்று பார்த்த பிறகே சாமி ஏற வேண்டும். ஒயரைப் பெட்டிக்குள் நுழைக்கும் முன் கொஞ்சம் தொய்வாகக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றுகிறார்கள். ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், ஜாயின்ட் வரை போகாது. எவ்வளவு எளிய தந்திரம்!

நடுக்குளத்தில் விளக்கு அணைந்தால்? அதற்காகத்தான் சாமி சன்னதிக்கு ஒரு லைன், சீரியல் செட்டுக்கு ஒரு லைன், மைக் செட்டுக்கு ஒரு லைன் என்று தனித்தனியாகப் பிரிப்பது. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால், எதைப் போட்டதும் டிரிப் ஆகிறதோ அங்கேதான் கோளாறு. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எரிய விடலாம், சாமி முகத்தில் வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். மைக்கில் ‘கர்ர்’ என்று இரைச்சல் வந்தால், மைக் ஒயரைக் கரண்டு ஒயரிலிருந்து தள்ளிக் கட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

கயிறுதான் சுக்கான்

தெப்பத்தை ஓட்டுவது கரையிலிருப்பவர்களின் கை. மூலையில் திரும்பும்போது உள்பக்கக் கயிற்றைப் பிடித்தவர்கள் நிற்க வேண்டும், வெளிப்பக்கத்தார் இழுக்க வேண்டும். படித்துறைக் கல்லில் மோதாமல் மூங்கில் கழியால் உந்தித் தள்ள ஆள் தயாராக நிற்க வேண்டும். இந்தக் கலை நமக்குப் புதிதா என்ன! 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்திலும் தைப்பூசத்தன்று தெப்பம் சுற்றுவது கயிற்றின் பலத்தில்தான்.

தண்ணீர் மேல் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பராமரிப்பது தெப்பத்துக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்துக் கால்வாய்களில், ஏழடி அகலம்கூட இல்லாத நீண்ட படகுகளில் குடும்பமாகவே வாழ்கிறவர்கள் உண்டு. அடித்தளத்தில் தண்ணீர் சேர்ந்ததா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, எங்கே கசிகிறது என்று அவர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஆனால் அவர்களுக்கு வருடம் முழுக்க அவகாசம் இருக்கிறது. இன்று முடியாததை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தெப்பத்துக்குக் கிடைப்பது மூன்றே மாலைகள். சாமி ஏறிய பிறகு ஸ்பேனர் எடுக்க நேரமில்லை. ஆகவே பழுது பார்ப்பதெல்லாம் பழுது வருவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். எனக்கு இதுவும் ஒரு வழிபாடாகவே தெரிகிறது. வாஷர் மாற்றும் கைக்கும் கற்பூரம் காட்டும் கைக்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிறீர்களா? பகலிலேயே பொய்கைக் கரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். நான்கு மூலைப் பேரல்களும் ஒரே அளவுக்கு மூழ்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் வேலைக்காரர் யாரிடமாவது, “அண்ணே, மொத்தம் எத்தனை பேரல்?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், மீதிக் கதை முழுவதையும் அவரே உற்சாகமாகச் சொல்லிவிடுவார்!