ஏறுவதற்கு முன் எண் பலகையைப் பாருங்கள்

போர்ட் பிளேரில், லம்பா லைனில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் விமானம் இறங்குகிற சத்தம் கேட்கும். கையில் சின்னப் பெட்டிதான் என்றால் நடந்தே விமான நிலையம் போய்விடலாம். மழை பிடித்துக்கொண்டால் தெருமுனை ஆட்டோ. ஓட்டுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை, எங்கே குடியிருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். கூலியில் இழுபறி வந்தாலும், நாளைக்கு ஜங்லிகாட் மார்க்கெட்டில் அதே முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று இரண்டு பக்கமும் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வோம். இங்கே முகம்தான் உத்தரவாதம். இரண்டு மணி நேரம் பறந்து சென்னையில் இறங்கியதும் அந்த உத்தரவாதம் நம்மிடம் இல்லை. வேறு ஒன்று அதன் இடத்துக்கு வர வேண்டும். அது என்ன என்று தெரியாததால்தான் தீவிலிருந்து போகிற நம்மவர்கள் மெயின்லேண்டில் ஏமாறுகிறோம்.

நானும் ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் அம்மாவை மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போயிருந்தேன். இறங்கும்போது இருட்டிவிட்டது. அம்மா சக்கர நாற்காலியில். வெளியே வந்ததும் ஒருவர் அருகில் வந்து, "டாக்சியாம்மா? வாங்க, பிரீபெய்ட் ரேட்தான்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். எழும்பூருக்கு 900 ரூபாய் என்று பேச்சு. விடுதி வாசலில் இறங்கியதும் 2,200 கேட்டார். பார்க்கிங், இரவு நேரம், லக்கேஜ், ஏசி என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டினார். அம்மாவால் நிற்க முடியவில்லை; கொடுத்துவிட்டேன். வண்டி போன பிறகுதான் யோசித்தேன்: அவர் பெயர் தெரியாது, வண்டி எண் பார்க்கவில்லை, ரசீது இல்லை. பணம் போனதைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்த வண்டியில் இருந்தது வெள்ளைப் பலகை.

இந்தியா முழுக்க இதற்கு ஒரே கணக்கு. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்கு மட்டுமான வண்டிக்கு வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. மின்சார வண்டி என்றால் இரண்டுக்குமே பச்சைப் பலகைதான். எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி, வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், நாமே ஓட்டிக்கொள்ளும்படி வாடகைக்கு விடுகிற கார். ஆள் கூப்பிட்டு ஏற்றுகிற வண்டியில் மஞ்சள் பலகையோ, மஞ்சள் எழுத்துள்ள பச்சைப் பலகையோ இல்லையென்றால் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

பலகையின் நிறத்துக்குப் பின்னால் காப்பீடு இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றுவது குற்றம். சொந்தக் காருக்கான காப்பீட்டில் 'வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். அப்படிப்பட்ட காரில் கூலி கொடுத்துப் போகும்போது விபத்து நடந்தால், நிபந்தனை மீறப்பட்டது என்று சொல்லி விலகப் பார்க்கச் சட்டமே காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் தருகிறது. சில வழக்குகளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்வதுண்டு. அதை நம்பி அம்மாவை ஏற்ற முடியாது.

சென்னை விமான நிலையத்தில் இறங்குகிற நமக்கு இருக்கும் வழிகளை இப்போது பார்ப்போம். எதுவுமே எல்லா நேரத்துக்கும் எல்லாருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் பிரீபெய்ட் கவுன்ட்டர். அது கட்டடத்துக்குள் இருக்கும். வெளியே வந்து கையைப் பிடித்து இழுக்காது. போகுமிடம் சொல்லி, பணம் கட்டி, வண்டி எண் போட்ட சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். செல்போனில் இணையம் சரியாக இல்லாதவர்களுக்கும், வயதானவர்களோடு போகிறவர்களுக்கும், நடுராத்திரியில் இறங்குகிறவர்களுக்கும் இதுதான் நிம்மதி. செயலியைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் தொகை இடையில் மாறாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சீட்டில் ஓட்டுநருக்கான பிரதியைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் கையில் கொடுக்க வேண்டும். ஏறியவுடனே "சீட்டைக் குடுங்க" என்றால் சிரித்துக்கொண்டே, "இறங்கும்போது தரேன் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். நமக்கான பிரதியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செயலி வண்டி. நம் ஊரில் இதற்குப் பழக்கமில்லை. சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பிவடம் வந்து 2020 ஆகஸ்ட் 10இல் திறக்கப்படும்வரை நம் போனில் ஒரு படம் திறப்பதே பெரும்பாடு. ஆகவே ஓலா, ஊபர், ரேபிடோ போன்றவற்றை நம்மில் பலர் முதன்முதலாகத் திறப்பது சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டுதான். அதுவும் பெட்டிகளுக்கு நடுவே, பதற்றத்தில். புறப்படுவதற்கு முன்பே வீட்டில் வைத்துப் பதிவு செய்துவிடுங்கள். இந்த வண்டிகளுக்கு ஏறும் இடம் தனி. எதிரே உள்ள பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குப் போக வேண்டும். முடியாதவர்களோடு போகும்போது இந்த நடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயலியில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஓடிபி. திரையில் வந்த எண்ணும் எதிரே நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, திரையில் உள்ள முகம்தானா என்றும் பார்த்த பிறகே ஓடிபி சொல்லுங்கள். வண்டி வேறாக இருந்தால் ஏற வேண்டாம். இரண்டு, ரத்து. ஓட்டுநர் போன் செய்து, "டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்பார். பதில் பிடிக்கவில்லை என்றால், "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார்" என்பார். நாம் ரத்து செய்தால் கட்டணம் நம் தலையில் விழும். அப்படிக் கேட்டால் செயலியிலேயே 'ஓட்டுநர் ரத்து செய்யச் சொன்னார்' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள், திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

கட்டணம் ஏறுவதற்கும் ஓர் எல்லை சொல்லப்பட்டிருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி செயலி நிறுவனங்கள் மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும். 2025 ஜூலை 1 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், கூட்டம் மிகுந்த நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வரை வாங்கலாம், அதற்கு மேல் கூடாது என்று இருக்கிறது. தக்க காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய். இது ஓட்டுநருக்கும் பொருந்தும், பயணிக்கும் பொருந்தும். மாநிலங்கள் ஏற்று அமல்படுத்தினால்தான் வழிகாட்டுதலுக்கு உயிர். ஆனால் புகார் எழுதும்போது எது நியாயமான வரம்பு என்று காட்ட இது நல்ல அளவுகோல்.

கால் டாக்சியைச் சென்னைக்காரர்கள் இன்னும் விடவில்லை. போன் செய்து மறுநாள் காலை ஐந்து மணிக்கு வண்டி வேண்டும் என்று சொல்லிவைக்க அது வசதி. மருத்துவமனைக்குப் போய்க் காத்திருந்து திரும்ப வேண்டிய நாளில் மணிக்கணக்கு 'பேக்கேஜ்' எடுத்தால் ஒவ்வொரு முறையும் வண்டி தேடி அலைய வேண்டாம். சிகிச்சைக்காக வேலூர் வரை போகிறவர்கள் மட்டும் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: கிலோமீட்டர் கணக்கு நாம் ஏறிய இடத்திலிருந்தா, வண்டியின் ஷெட்டிலிருந்தா? ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு? டிரைவர் பேட்டா, டோல் உள்ளேயா, வெளியேயா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான தகராறு ஷெட் கணக்கில்தான் வருகிறது. ஏமாற்று இல்லாத இடத்திலும் வருகிறது, பேசாமல் விட்டதால்.

ஆட்டோவைப் பற்றிச் சொல்லும்போது ஓட்டுநர் பக்கமும் பேச வேண்டும். தமிழ்நாடு அரசு மீட்டர் கட்டணத்தை 2013இல் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. இரவு 11 முதல் காலை 5 வரை பாதி கூடுதல். அன்றைய பெட்ரோல் விலையும் பள்ளிக் கட்டணமும் இன்று இல்லை. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த ஆட்டோ சங்கங்கள் 2025 பிப்ரவரியில் 50 ரூபாய், 18 ரூபாய் என்று தாமாகவே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. எனவே '25 ரூபாய்தானே மீட்டர்' என்று சண்டைக்கு நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே நேரம் ஊருக்குப் புதியவர் என்று தெரிந்ததும் மூன்று மடங்கு கேட்பதையும் ஏற்க முடியாது. ஏதாவது ஒரு செயலியில் அதே தூரத்துக்கு ஆட்டோ என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசினால், இருவருக்கும் பொதுவான ஒரு தொகை கிடைக்கும்.

வண்டியே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. விமான நிலையத்துக்கு 2016 செப்டம்பரிலேயே மெட்ரோ வந்துவிட்டது. 2019 பிப்ரவரியிலிருந்து நீல வழித்தடத்தில் மாறாமல் சென்ட்ரல் வரை போகலாம். எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாயைத் தாண்டாது. சென்ட்ரலில் இறங்கி மேலே வந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை பக்கத்திலேயே. மின்தூக்கி இருக்கிறது. அடுத்த முறை அம்மாவை அதில்தான் அழைத்துப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டே வந்தாள். இரவு 11 மணிக்கு மேல் கிடையாது என்பதால் கடைசி விமானத்தில் இறங்குகிறவர்கள் இதை நம்ப முடியாது.

பெண்கள் தனியாகப் போவது பற்றி. 2014 டிசம்பரில் டெல்லியில் செயலி வண்டியில் நடந்த பாலியல் வன்முறை, ஓட்டுநரின் பின்னணியைச் சரிபார்ப்பது எவ்வளவு ஓட்டையாக இருந்தது என்பதை நாட்டுக்குக் காட்டியது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் வாடகைக் கார்களில் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது விதி. உட்கார்ந்ததும் பொத்தான் எங்கே என்று பாருங்கள். பயணத்தைப் பகிரும் வசதியை வீட்டாருக்கு அனுப்புங்கள். வழி மாறுகிறது என்று தோன்றினால் கேட்கத் தயங்காதீர்கள். பதில் சரியில்லை என்றால் 112.

இவ்வளவுக்குப் பிறகும் அநியாயம் நடந்தால்? "சென்னையில் நடந்ததற்கு இங்கிருந்து என்ன செய்ய முடியும்" என்று விட்டுவிடுகிறோம். பழைய சட்டத்தில் அது உண்மை. 1986இன் நுகர்வோர் சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும். ஆயிரம் ரூபாய்க்காக யார் கடல் தாண்டுவார்கள்? 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றியது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது சென்னை வண்டிக்கு எதிரான வழக்கை லம்பா லைனில் இருப்பவர் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், மாவட்ட ஆணையத்தில் போடலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையவழியில் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. தீவுகளில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறெந்தத் திருத்தமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் முன்னால் இரண்டு படி உண்டு. செயலி நிறுவனங்களுக்குக் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அவர்கள் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். திரும்பக் கிடைக்கும் பணத்தைக் கூப்பனாகத்தான் தருவோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கூப்பனா வங்கிக் கணக்கா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்க வழி செய்யும்படி ஓலா நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. புகார் எண்ணை மட்டும் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்களை அங்கே ஏற்றிவைத்து, "ரீஃபண்டுக்கு இந்த லிங்கை அழுத்துங்க" என்று கணக்கைத் துடைக்கிற கும்பல் இருக்கிறது. செயலிக்குள் இருக்கும் உதவிப் பக்கத்திலேயே எழுதுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

விபத்து என்றால் அதற்குத் தனியாக மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கேயும் நாம் குடியிருக்கும் ஊரில் மனுப் போடலாம். ஆறு மாத வரம்பு இருப்பதால் காயம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கதவுகளில் எதைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது வண்டி எண், நாள், நேரம், கொடுத்த தொகைக்கு அத்தாட்சி. என்னிடம் அன்று இவற்றில் பாதிகூட இல்லை. இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார் மெயின்லேண்ட் போனாலும் வண்டியில் கால் வைப்பதற்கு முன் பின்பக்க எண் பலகையைப் படம் எடுத்துப் போடுவார்கள். போன வாரம் தங்கை மகள் அனுப்பிய படத்தில் பலகையோடு அம்மாவின் ஊன்றுகோலும் பாதி விழுந்திருந்தது. மஞ்சள் பலகை.