ஒரு தொழிலாளி, பல எசமானர்

ஒரு கம்பெனியிலே சம்பளம், மற்றொன்றிலே வேலை, வேறொருவரது மேற்பார்வை என்று பலர் கூடி நடத்தும் காரியங்களில் உழைப்போர் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில் 'நீ யாருடைய ஆள்?' என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. விபத்தொன்று நேர்ந்தாலோ, போனஸ் கேட்டாலோ அக்கேள்வி எழுந்துவிடுகிறது. நேற்றுவரை உரிமையோடு ஏவியவர்கள் அப்பொழுது ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்து விடுவர்.

லிவர்ப்பூல் துறைமுகத்து வழக்கொன்றை இதற்குத் தக்க சான்றாகக் கருதுகிறேன். அங்கே துறைமுகச் சபையார் தம் பளுதூக்கும் எந்திரத்தையும், அதனை ஓட்டுபவனையும் சரக்கேற்றும் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தனர். அக்காலத்தில் அவன் கம்பெனியின் வேலையாளாகவே கருதப்படுவான் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் இருந்தது. அவனது கவனக்குறைவால் அங்கே சரக்குகளைச் சரிபார்த்து நின்ற ஒருவர் காயமுற்றார். நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? ஷரத்தைக் காட்டி விலகப் பார்த்தது சபை. வழக்குப் பிரபுக்கள் சபை வரையில் சென்று 1946-இல் தீர்ந்தது. எந்தச் சரக்கை எடுத்து எங்கே வைப்பது என்று சொல்லும் உரிமை கம்பெனிக்கு உண்டு. எந்திரத்தை எவ்வாறு இயக்குவது என்று ஆணையிடும் உரிமை அதற்கு இல்லை. கூலி கொடுப்பதும் வேலையினின்று நீக்குவதும் சபையின் கையில் இருந்தன. ஆகவே பொறுப்பும் சபையினதே என்றாயிற்று. இரு முதலாளிகள் தமக்குள் எழுதிக்கொண்ட வாசகம், காயமுற்ற மூன்றாமவருடைய உரிமையைத் தீர்மானித்துவிட முடியாது. அத்தீர்ப்பில் நான் பெரிதும் மதிப்பது இதனையே.

ஆயினும், 'யாராவது ஒருவரே எசமானர்' என்ற பழங்கொள்கை அதிலும் நீடித்தது. 2005-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றம் அதனைத் தளர்த்தியது. தொழிற்சாலை ஒன்றில் காற்றுக்குழாய் பொருத்த வந்த உதவியாள் ஒருவன், குழாய்களினூடே தவழ்ந்து சென்று தீயணைப்பு நீர்க்குழாயை உடைத்துவிட்டான். வெள்ளம் புகுந்தது! அவனை அனுப்பிய நிறுவனத்தின் பொருத்துநரும், வேலை வாங்கிய நிறுவனத்தின் பொருத்துநரும் இருவருமே அவனைத் தடுத்திருக்கலாம். ஆகவே இரு நிறுவனங்களும் சரிபாதி பொறுப்பேற்க வேண்டும் என மன்றம் கூறிற்று.

நம் நாட்டின் நிலை யாது? கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்றிருந்த துறைமுகத் தொழிலாளர் துயரைத் தணிக்க 1948-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த தொழிலாளர் சபைகள், தொழிலாளரைப் பதிவு செய்து, முறை வைத்துப் பல கம்பெனிகளுக்கும் அனுப்பின. வேலை கிட்டாத நாளுக்கும் வருகைப்படி இருந்தது. போனஸ் பற்றி விசாகப்பட்டினத்தில் வழக்கு மூண்டபொழுது, சபையே முதலாளி என்றனர் கம்பெனியார். உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சபை ஒழுங்குபடுத்துவதே அன்றி முதலாளி அன்று. எவரிடம் தொழிலாளர் ஒப்படைக்கப்படுகின்றனரோ அவரே முதலாளி எனத் தீர்ப்பளித்தது. இன்று ஒரு கப்பலிலும் நாளை வேறொரு கம்பெனியின் கப்பலிலும் சுமை தூக்குபவனுக்கு, எவரிடம் எத்தனை நாள் உழைத்தான் என்ற வருகைப் பதிவே பற்றுக்கோடாயிற்று.