பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரும் பாகப் பொருத்தமும்

மிளகாய், மல்லி, பருப்பு என்று மூட்டைக் கணக்குப் பார்க்கும் நமக்கு கம்ப்யூட்டர் விளையாட்டோடு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 1997 முதல் 2000 வரையிலான ஆண்டுகளில்தான் நம்மில் பலர் பில் போடவும் இருப்புப் பார்க்கவும் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கினோம். ஓய்ந்த பிறகு அவை பரணிலும் கிட்டங்கி மூலையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டன. பழைய இரும்புக் கடைக்காரர் வந்தால் எண்ணெய் டின்னோடு சேர்த்து எடைக்குப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அதே பாகங்களை, அந்த ஆண்டுச் சரக்காகவே வேண்டும் என்று தேடுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். சிறு வயதில் ஆடிய ஆட்டத்தை, அன்று ஓடியபடியே மறுபடி ஓட்டிப் பார்க்க அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரையே கட்டுகிறார்கள். அவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம், ஏன் என்பதை நம் வியாபார பாஷையில் சொல்லிப் பார்க்கிறோம். வீட்டுப் பிள்ளை ஒருவன் இந்த ஆசையோடு வந்து நின்றாலும் பயன்படும்.

இன்றைய கம்ப்யூட்டர் அன்றையதைவிடப் பல மடங்கு வேகம் ஆயிற்றே, அதிலேயே ஓட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நமக்கே தெரிந்த உதாரணம் பாக்ஸ்புரோ. அன்று பல கடைகளில் ஓடிய பில்லிங் புரோகிராம்கள் பாக்ஸ்புரோவில் எழுதப்பட்டவை. பழைய மெஷினில் ஒழுங்காக ஓடியது, வேகம் கூடிய புது மெஷினில் ஏற்றியவுடன் பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று காட்டி நின்றுவிடும். மெஷினின் வேகத்தை அளக்க உள்ளே வைத்திருந்த சிறு கணக்கு, அத்தனை வேகத்தை எதிர்பார்க்கவில்லை. பழைய விளையாட்டுகளிலும் இதே சங்கடம் உண்டு. தவிர, அவை அன்றைய கார்டுகளோடு நேரடியாகப் பேசும்படி எழுதப்பட்டவை. பேச்சுத் துணையை மாற்றினால் பேச்சு நின்றுபோகும்.

ஆகவே கொள்முதலுக்குக் கிளம்புமுன் எந்த ஆண்டு ஆட்டங்கள் வேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். 1995-க்கு முந்திய டாஸ் ஆட்டங்கள் ஒரு ரகம். 1996 முதல் 1998 வரை வந்த குவேக், அன்ரியல், ஹாஃப்-லைஃப் போன்றவை இன்னொரு ரகம். 2000-த்தை ஒட்டி வந்தவை வேறு. மூன்றுக்கும் ஒரே பெட்டி என்பது சாம்பாருக்கும் பாயசத்துக்கும் ஒரே பருப்பு வாங்குவது போலத்தான். ஆனாலும் ஒரு பெட்டிக்குத்தான் இடம், ஒன்றுக்குத்தான் காசு என்றால், எங்கள் தீர்ப்பு 1998-99 பெட்டிக்கே. அது முன்னும் ஓரளவு எட்டும், பின்னும் ஓரளவு எட்டும். அதற்கு ஏற்ற சிஸ்டம் விண்டோஸ் 98. அது 1998 ஜூனில் வந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் செம்மையானது. அதற்குள்ளிருந்தே டாஸுக்குப் போய்வரலாம் என்பது பெரிய வசதி.

அஸ்திவாரம் மதர்போர்டு. 1998 ஏப்ரலில் இன்டெல் வெளியிட்ட 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள போர்டுகளுக்குத்தான் இன்றும் முதல் மரியாதை. காரணம், மூன்று தலைமுறை இணைப்பும் அதில் ஒன்றாக இருக்கும்: டாஸ் காலத்து ஐஎஸ்ஏ, அடுத்து வந்த பிசிஐ, படக் கார்டுக்கென்று தனியாக வந்த ஏஜிபி. ஐஎஸ்ஏ என்பது நீளமான கறுப்பு வாய். பிசிஐ வெள்ளை, சற்றுக் குட்டை. ஏஜிபி பெரும்பாலும் காப்பிப் பொடி நிறம், ஒன்றுதான் இருக்கும். பின்னால் வந்த போர்டுகளில் கறுப்பு வாய் ஒன்றொன்றாகக் குறைந்து மறைந்துவிட்டது. போர்டின் நடுவிலுள்ள பெரிய சிப்பில் 82443 என்ற எண்ணும் பிஎக்ஸ் என்ற எழுத்துகளும் இருந்தால் அதுவே நம் சரக்கு. சிலவற்றில் சிப்பின் மேல் அலுமினியக் கவசம் ஒட்டியிருக்கும். பெயர்த்துப் பார்க்க வேண்டாம், பெட்டியை ஓட்டினால் முதல் திரையிலேயே விவரம் தெரியும்.

பிராசசர் அக்காலத்தில் கேசட் போலத் தடித்த பெட்டியில் செங்குத்தாக நிற்கும். பென்டியம்-2 1997 மே மாதமும், பென்டியம்-3 1999 பிப்ரவரியிலும் வந்தன. 350 முதல் 600 மெகாஹெர்ட்ஸ் வரை எதுவானாலும் நம் காரியத்துக்குப் போதும். இதில் சுவையான சரக்கு செலரான் 300ஏ. 1998 ஆகஸ்டில் மலிவு ரகமாக வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதி விற்றது, போர்டின் ஓட்டத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால் பல சமயம் 450-ல் தாராளமாக ஓடியது. இரண்டாம் நம்பர் விலைக்கு முதல் நம்பர் சரக்கு! அதை அறிந்து வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். அதே காலத்தில் நேர்மாறான வேலையும் நடந்தது. குறைந்த வேகச் சிப்பின் மேல் கூடுதல் வேக எண்ணை அச்சிட்டு விற்றார்கள். சாக்கை மாற்றித் தைப்பது நம் தொழிலில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இத்தகைய மோசடியைத் தடுக்கவும் சேர்த்துத்தான் இன்டெல் சிப்பின் வேகப் பெருக்கத்தை உள்ளேயே பூட்டிவிட்டது. ஆகவே எழுத்தை நம்பாமல் ஓட்டிப் பார்த்து வாங்குவதே முறை.

மெமரியில் பிசி100 என்ற ரகம், 168 கால் உள்ளது, கீழே இரண்டு வெட்டு இருக்கும். 128 எம்.பி. போதும், 256 தாராளம். 512-க்கு மேல் போட்டால் விண்டோஸ் 98 தடுமாறும். அதிகம் போட்டால் நல்லது என்பது இங்கே செல்லாது. இன்னொன்று: எட்டே சிப் உள்ள 256 எம்.பி. பட்டையை பிஎக்ஸ் போர்டு பாதியாகத்தான் அளந்து காட்டும். பதினாறு சிப் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டை கெட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் பலர். கேடு பட்டையில் இல்லை, பொருத்தத்தில்.

இப்போது எல்லாரும் கண் வைக்கும் படக் கார்டுக்கு வருவோம். த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1996-ல் வூடூ என்ற கார்டையும் 1998-ல் வூடூ-2வையும் கொண்டுவந்தது. கிளைடு என்ற தனிப் பாஷையில் அந்தக் கார்டுகளுக்கென்றே பல ஆட்டங்கள் எழுதப்பட்டன. வேறு கார்டில் அவை ஓடாது, அல்லது ஓடினாலும் அந்த அழகு வராது. அந்தக் கம்பெனி 2000 டிசம்பரில் தன் சொத்துகளைப் போட்டியாளரான என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது, கடை மூடியாயிற்று. இனிச் சரக்கு வராது என்றால் இருக்கிற சரக்குக்கு என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வூடூ-2 தனியாக வேலை செய்யாது. அது முப்பரிமாணப் படத்தை மட்டும்தான் வரையும். மற்றதற்கு இன்னொரு சாதாரணக் கார்டு வேண்டும். இரண்டுக்கும் இடையில் வெளியே ஒரு குட்டை வயர் போகும். பின்பக்கத் தகட்டில் ஒரே மாதிரி இரண்டு வாய்கள், உள்ளே மூன்று பெரிய சிப்புகள் என்றால் அது வூடூ-2 ஆக இருக்கலாம், தனியே எடுத்து வையுங்கள். ஆனால் நம் பில்லிங் பெட்டிகளில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் பெட்டிகளில் இருப்பது எஸ்3 ட்ரையோ, எஸ்3 விர்ஜ் போன்ற மலிவுக் கார்டுகள்தான். அவற்றையும் எறிய வேண்டாம். டாஸ் ஆட்டங்களோடு இணக்கமாகப் போவதில் எஸ்3-க்கு நல்ல பெயர் உண்டு. வூடூவுக்குப் பக்கத்தில் வைக்கும் சாதாரணக் கார்டு எது என்று கேட்டால் பலர் கை காட்டுவது அதைத்தான். பெருங்காயம் மட்டும் வாங்கிச் சமையல் ஆகாது, உப்பும் வேண்டும்.

ஒரே கார்டில் முடிக்க நினைப்பவர்களுக்கு 1999-ல் வந்த வூடூ-3 அல்லது என்விடியாவின் டிஎன்டி-2 பொருந்தும். இவை ஏஜிபி வாயிலும் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஏஜிபி 3.3 வோல்ட், பின்னால் வந்தது 1.5 வோல்ட். கார்டின் பல்வரிசையில் உள்ள வெட்டு இரண்டுக்கும் இடம் மாறி இருக்கும். பிஎக்ஸ் போர்டுக்கு வேண்டியது 3.3 வோல்ட். உட்காராத கார்டை அழுத்தி உட்கார வைக்கக் கூடாது. கார்டு, போர்டு இரண்டும் போய்விடும்.

ஒலிக்கு ஐஎஸ்ஏ கார்டுதான் தேவை. டாஸ் ஆட்டம் சவுண்ட் பிளாஸ்டர் எங்கே என்று குறிப்பிட்ட முகவரியில் தேடும். அந்த முகவரியில் இருப்பது ஐஎஸ்ஏ கார்டு. பிசிஐ கார்டுகள் அந்த வேஷம் போடும், சில ஆட்டங்களில் வேஷம் கலைந்துவிடும். கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் 16, ஏடபிள்யூஈ64 பெயர் பெற்றவை. யமஹா, ஈஎஸ்எஸ் என்று போட்ட சாதாரணக் கார்டுகளும் நன்றாகவே வேலை செய்யும், விலையும் அடக்கம். ஒரு சின்ன விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள். குவேக் போன்ற சில ஆட்டங்களின் பாட்டு, சிடியிலேயே பாட்டாகப் பதிந்திருக்கும். சிடி டிரைவிலிருந்து சவுண்டு கார்டுக்குப் போகும் மெல்லிய வயர் இல்லாவிட்டால் வெடிச் சத்தம் கேட்கும், பாட்டு கேட்காது. பெட்டியைப் பிரிக்கும்போது அந்த வயரைக் குப்பையில் போடாதீர்கள்.

கேபினெட், கீபோர்டு எல்லாம் அவரவர் ரசனை. மஞ்சள் பூத்திருந்தாலும் சிலருக்கு அதுவே அழகு.

அந்த ஆண்டுச் சரக்காகவே இருக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது பவர் சப்ளைதான். இருபது ஆண்டுக்கு மேல் பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்து அப்படியே கரண்டில் சொருகுவது ஆபத்து. எங்கள் கடையில் 1998-ல் வாங்கிய பெட்டியை மகன் இறக்கியபோது, முதலில் கவரைக் கழற்றிப் போர்டில் நிற்கும் சிறு உருளைகளைப் பார்க்கச் சொன்னோம். கெபாசிட்டர் எனப்படும் அவற்றின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ மாற்றாமல் ஓட்டக் கூடாது. 2000-க்குப் பிறகு வந்த சில ஆண்டுப் போர்டுகளில் இந்தக் கேடு மிக அதிகம். புது பவர் சப்ளை வாங்கும்போது லேபிளில் 5 வோல்ட் வரிசை எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். இன்றைய சப்ளைகள் பலத்தை 12 வோல்ட்டில் வைத்திருக்கின்றன. அன்றைய போர்டுகள் 5 வோல்ட்டில்தான் அதிகம் இழுக்கும். மொத்த வாட் எவ்வளவு என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதாது.

பழைய டப்பா மானிட்டரைத் தேடுபவர்களும் உண்டு. அந்த ஆட்டங்களின் படம் அதில்தான் பொருந்தி நிற்கும். ஆனால் அதன் பின்மூடியை நாமாகத் திறக்கவே கூடாது. கரண்டை எடுத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இதனால் எல்லாம் பெரும் பணம் வந்து குவியும் என்று சொல்லவில்லை. பிஎக்ஸ் போர்டு, வூடூ, நல்ல ஐஎஸ்ஏ சவுண்டு கார்டு ஆகியவை முதல் ரகம். மற்றவை முழுப் பெட்டியாக, ஓடும் நிலையில் இருந்தால் மதிப்பு. பிரித்துக் கொட்டினால் இல்லை. யாருக்கும் வேண்டாத மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இதற்குப் புது விதிகளே நடைமுறைக்கு வந்துள்ளன. தெருவோரம் வயரை எரித்துச் செம்பு எடுப்பவரிடம் போனால் அந்தப் புகை நம் தெருவுக்குத்தான்.

எந்த வழியில் போனாலும் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவருக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. மெமரி கார்டை அதன் இடத்தில் பொருத்த ஒரு சிறு அடாப்டர் கிடைக்கிறது, சத்தமும் இல்லை. நம்முடையதிலோ அன்றைய வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல் விலை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் இன்னும் இருக்கும்.